வெளிச்சத்துக்கு முந்தியவர்கள்

ஆறேகாலுக்குத்தான் சூரியன். நாலு மணிக்கே தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் வந்து நின்றுவிட்டோம். பழைய துறைமுகத்தில் தோணிகள் கட்டிக் கிடந்தன. அலையே இல்லை. ஆனாலும் கயிறு இழுபடும்போதெல்லாம் மரத்தோடு மரம் உரசி முனகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வண்டி ஓட்டிவந்த நண்பர் இந்த ஊர்க்காரர். "இந்த இருட்டுல எடுக்க ஒண்ணுமில்ல. கொஞ்சம் காத்து வாங்கிட்டுப் போவோம்" என்றார்.

பங்குனி மாதம். காற்றில் உப்பும் டீசலும் காய்ந்த மீனும் கலந்து வந்தது. முதுகுக்குப் பின்னால் பனிமய மாதா கோயில் இருட்டுக்குள் வெள்ளையாக நின்றது. 1713இல் கட்டி முடித்த கோயில். 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். எல்லோரையும் இங்கே இழுத்து வந்தது ஒரே பொருள்தான், முத்து. 1906இல் வ.உ.சி. தன் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும் இந்தக் கரையை நம்பித்தான். இவ்வளவு நடந்த கரை, விடியுமுன் பார்க்கும்போது ஒன்றுமே நடவாததுபோல் கிடக்கிறது.

இந்தக் கரையின் மிகப் பெரிய நிலக்காட்சியைக் கரையில் நின்று எடுக்கவே முடியாது. அது கடலுக்கு அடியில் இருக்கிறது. பல கிலோமீட்டர் தள்ளிக் கடலடியில் கிடக்கும் பாறைத் திட்டுகளை இங்கே 'பார்' என்பார்கள். அந்தப் பார்களில்தான் முத்துச்சிப்பி ஒட்டி வளர்ந்தது. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, ஒரே மூச்சில் இறங்கி, கைக்கு அகப்பட்டதை வாரிப் பையில் போட்டுக்கொண்டு மேலே வந்தார்கள் பரதவர்கள். சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்று மந்திரம் தெரிந்த 'கடல்கட்டி' ஒருவர் உடன் போவார். அவர் இல்லாமல் குளிக்க இறங்கமாட்டார்கள். சலாபம் என்ற முத்துக்குளிப்பு ஒவ்வொன்றிலும் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. கடைசியாகப் பெரிய சலாபம் நடந்தது 1961இல். அதன்பிறகு பார்களில் சிப்பி முன்போல் சேரவில்லை. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் இதே கரையில் சிப்பிக்குள் கருவை வைத்துச் செயற்கையாக முத்து விளைவித்துக் காட்டினார்கள். இன்று 'முத்துநகர்' என்ற பெயர் ரயிலுக்கும் கடற்கரைக்கும் இருக்கிறது. குளிக்கிறவர்கள் இப்போது இறங்குவது சங்குக்கு.

நான் இருபது வருடமாகக் காமிராவோடு விடியற்காலையில் சுற்றுகிறவன். கரிசல் காடுகள், குளத்தங்கரைகள், மலையடிவாரங்கள் என்று எடுத்த படங்களில் பெரும்பாலானவற்றில் ஆளே இருக்காது. யாராவது குறுக்கே வந்தால் அவர் போகும்வரை காத்திருப்பேன். நிலக்காட்சி என்றால் ஆள் அரவமற்ற நிலம் என்றே மனதில் பதிந்திருந்தது. யார் சொல்லித் தந்தது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. இந்தப் பயணத்தையும் அப்படித்தான் தொடங்கினேன்.

திருச்செந்தூர் சாலையில் திரும்பியதும் சாலை காலியாக இல்லை. நாலரை மணிக்கு எதிரும் புதிருமாக மொபெட்டுகள், சைக்கிள்கள், ஆட்கள் நெருக்கியடித்த ஆட்டோக்கள். பெண்கள் சேலைக்கு மேலே ஆண்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கைப்பிடியில் தூக்குச் சட்டி ஆடியது. ஒரு டீக்கடையில் நிறுத்திக் கருப்பட்டிக் காபி குடித்தோம். "இவங்கள்ல பாதிப்பேர் ரெண்டாவது ஷிப்டு மாதிரி. முத ஆளுங்க ரெண்டு மணிக்கே அளத்துல எறங்கியாச்சு" என்றார் நண்பர்.

முள்ளக்காட்டுப் பக்கம் சாலைக்கு இருபுறமும் உப்பளம். இருட்டில் முதலில் தெரிவது வரப்புகள்தான். வானத்தின் வெளிறல் பாத்தித் தண்ணீரில் இறங்கி, கண்ணாடித் துண்டுகளைக் கட்டம் கட்டி அடுக்கியதுபோல் கிடக்கும். அப்புறம் அம்பாரங்கள், வரிசையாக, கூம்பு கூம்பாக. சில பனையோலையாலும் சில தார்ப்பாயாலும் மூடியிருந்தன. இந்தியாவின் உப்பில் குஜராத்துக்கு அடுத்த பங்கு தமிழ்நாட்டுடையது, அதில் பெரும்பகுதி இந்த மாவட்டத்துடையது.

சூரியன் உதிப்பதற்கு முன்னாலுள்ள அந்த இருபது நிமிடம் இந்த ஊரில் அவசரமானது. நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்பது பாகைக்குள் இருக்கிற இடம். சூரியன் சாய்ந்து ஏறாது, செங்குத்தாக ஏறிவிடும். ஐரோப்பியப் புகைப்படப் புத்தகங்கள் சொல்லும் நீண்ட பொன்வேளை இங்கே கிடையாது. நீலம், ஊதா, ஆரஞ்சு எல்லாம் மளமளவென்று வந்து போய்விடும். ஏழு மணிக்கு வெளிச்சம் கடினப்பட்டுவிடும். அதனால் கையில் எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

முக்காலியை வரப்பில் ஊன்றினேன். உப்பை எடுக்கும்போது காமிராவின் அளவுகோலை நம்பக் கூடாது. எந்தப் பரப்பைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கணக்குப் போடுவதுதான் அதன் சுபாவம். வெள்ளை அம்பாரத்தைக் காட்டினால் வெளிச்சத்தைக் குறைத்து அழுக்குச் சாம்பலாக்கிவிடும். ஒன்றரைப் படி கூட்டி எடுத்தால்தான் உப்பு உப்பாக வரும். விடியுமுன் இந்த வெள்ளை வானத்து நீலத்தை முழுக்க வாங்கிக்கொள்கிறது. பாத்திகளில் சில இளஞ்சிவப்பாக இருந்தன. உவர்நீர் செறியச் செறிய அதில் பெருகும் நுண்பாசியும் நுண்ணுயிரும் கொடுக்கும் நிறம் அது. வெளியூர்க்காரர்கள் பார்த்தவுடன் கொள்ளை அழகு என்பார்கள். அளத்துக்காரர்களுக்கு அது தண்ணீர் பக்குவத்துக்கு வந்துகொண்டிருப்பதன் அடையாளம். கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரி. அது தெப்பம் என்னும் நீர்த்தேக்கத்திலும் அடுத்தடுத்த பாத்திகளிலும் வெயிலில் வற்றி இருபத்தைந்து டிகிரிக்கு ஏறும்போதுதான் உப்பு விழத் தொடங்கும். இருபத்தொன்பது தாண்டவிட்டால் கசப்பு சேர்ந்துவிடும். இங்கே கடல்நீரைவிட ஆழ்துளைக் கிணற்று உவர்நீரை நம்பும் அளங்களே நிறைய.

கோணம் சரியில்லை என்று இரண்டு எட்டுப் பின்னால் வைத்தேன். கால் பாத்திக்குள் இறங்கிவிட்டது. அடியில் களிமண் சிமெண்டுத் தரைபோல் கெட்டியாக இருந்தது. குதிகால் பட்ட இடம் மட்டும் பெயர்ந்து, தண்ணீரில் செம்பழுப்பாக ஒரு புகை எழும்பியது.

"ஐயா, பாத்தில காலு வைக்காதிய" என்றொரு குரல்.

அறுபது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. கையில் வாருபலகை. கோபமே இல்லாமல் சொன்னார். பக்கத்தில் வந்து, நான் மிதித்த இடத்தைத் தன் காலால் மெதுவாக அமுக்கிச் சரிசெய்தார். முன்பாதத்தைப் பதித்து, குதிகாலை ஊன்றி, அப்புறம் ஓரங்களைத் தட்டி. அந்தக் காலைப் பார்த்தேன். விரல் இடுக்குகளில் தோல் வெடித்து வெளுத்திருந்தது. இரண்டு காலிலும் பழைய சாக்ஸ் மாட்டி, அதன் நுனியை விரல்கள் வெளியே வரும்படி வெட்டியிருந்தார்.

தைக்கும் மாசிக்கும் இடையில் இந்தப் பாத்திகளை நாள்கணக்காக மிதிப்பார்களாம். மழைக்காலத்தில் ஊறிக் குழைந்த மண்ணை வரிசையாக நின்று, அடியடியாக மிதித்து இறுக்குவார்கள். அப்போதுதான் உப்பில் மண் ஏறாது. நான் காட்சி என்று எடுத்துக்கொண்டிருந்த அந்தக் கண்ணாடித் தரையில் இம்மி விடாமல் ஒரு கால் பட்டிருக்கிறது. ஐம்பது அறுபது ஏக்கர் பரப்பு, காலடிகளால் செய்தது.

"ராத்திரியே ஏம்மா வந்துடறீங்க?"

"பொழுது ஏறிட்டா இந்த வெள்ளையில கண்ணு தெரியாதுல்லா. கூசிப் போயிரும். தண்ணி வத்திக் கரிக்கும். வெயிலுக்கு முந்தி வாரிரணும்."

பாத்தியில் பாளம் கட்டிய உப்பை வாருபலகையால் உடைத்து, அலசி, வரப்பில் குவிப்பது ஒரு வேலை. தண்ணீர் வடிந்தபின் இரும்புச் சட்டியில் அள்ளித் தலையில் ஏற்றி அம்பாரத்துக்குச் சுமப்பது இன்னொரு வேலை. நான் வந்து சேர்ந்தபோது அந்த அளத்தில் அன்றைய முதல் வேலை முடியும் தறுவாயில் இருந்தது. எனக்கு நாள் தொடங்கும் வெளிச்சம், அவர்களுக்கு வேலை முடிக்கச் சொல்லும் வெளிச்சம். நான் ஏங்கிக் காத்திருந்த சூரியனைத்தான் அவர்கள் முந்திக்கொண்டிருந்தார்கள்.

"என்னத்த எடுக்கிய? ஆளில்லாத எடமாப் பாக்கியளோ? அப்ப அந்தப் பக்கம் போங்க, இன்னிக்கு அங்க வாரல" என்று வழியும் காட்டினார். நான் அந்தப் பக்கம் போகவில்லை. எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டு அங்கேயே நின்றேன். அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையாகச் சட்டி சுமந்து அம்பாரத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கிழக்கில் முதல் சிவப்பு. தூரத்தில் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள். இன்னும் ஊர் திரும்பாமல் மிஞ்சியிருந்த பூநாரைகள் தெப்பத்தில் தலைகீழாக அலகைத் துழாவிக்கொண்டிருந்தன. பவளக்கால் உள்ளான்கள் வரப்புக்கு வரப்பு தாவின. எதையும் சட்டகத்துக்கு வெளியே தள்ள மனம் வரவில்லை.

இந்த உப்பளங்களை எழுத்தில் கண்ணுக்குக் கொண்டுவந்தவர் ராஜம் கிருஷ்ணன். அவருடைய 'கரிப்பு மணிகள்' நாவல் இந்தக் காட்டில் அலைந்து, ஆட்களோடு பேசி எழுதியது. படத்தில் கொண்டுவந்தவர்களில் மதுரைப் பக்கத்து எம். பழனிக்குமாரை முக்கியமாகச் சொல்வேன். அவருடைய உப்பளப் படங்களில் உப்பைவிட முகங்கள்தான் பளிச்சென்று இருக்கும். ஐப்பசி மழை வந்ததும் அளம் மூடிவிடும், கையில் காசு இருக்காது. அந்த மாதங்களுக்கு ஐயாயிரம் ரூபாய் நிவாரணம் கொடுக்கத் தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கியது. மூன்று மாதத்துக்கு ஐயாயிரம் போதாது என்பதை ஒரு வேளை உப்பு சுமந்து பார்த்தாலே எவருக்கும் புரியும்.

திரும்பி வரும் வழியில் திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணனை நினைத்துக்கொண்டேன். காட்டுயிர்ப் படங்களைக் கடைசிவரை கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தவர். பல காமிராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தானே ஒரு பெட்டியைச் செய்துகொண்டார். அவருடைய யானை தனியாக நிற்காது, அதன் காட்டுக்குள்தான் நிற்கும். பிராணியை அதன் இடத்திலிருந்து பெயர்த்து எடுத்து அழகு பார்ப்பதில் அவருக்கு விருப்பமில்லை. இடத்தை அதன் ஆட்களிடமிருந்து பெயர்த்து எடுத்ததுதான் நான் இத்தனை வருடம் செய்தது.

எட்டு மணி வாக்கில் கொற்கைக்குப் போனோம். பழையகாயல் தாண்டி உள்ளே திரும்பினால் சட்டென்று உப்பு விலகி வாழை வருகிறது. தாமிரபரணியின் கடைசி வயல்கள். ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களும் இந்தத் தண்ணீரில்தான். கொற்கை ஒரு சின்ன ஊர். குளம், குளக்கரையில் கோயில், பருத்த ஒரு வன்னிமரம். இரண்டாயிரம் வருடத்து மரம் என்கிறார்கள் ஊரார். கிரேக்க மாலுமிகளின் ஏடு கொல்கோய் என்று குறித்துவைத்த, பாண்டியரின் முத்துத் துறைமுகம் இதுதான் என்று சொன்னால் நம்ப ஒரு நிமிடம் ஆகும். சுற்றிலும் எங்கேயும் கடல் இல்லை. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைக் கிழக்கே ஆறேழு கிலோமீட்டர் தள்ளிவிட்டது. துறைமுகம் கிழக்கே நகர்ந்து காயல் ஆனது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பார்த்தது அந்தக் காயலை. அதுவும் தூர்ந்து பழைய காயல் ஆயிற்று. ஆற்றின் முகத்தில் இப்போது புன்னைக்காயல் இருக்கிறது. தமிழ் எழுத்தில் முதன்முதலாக அச்சேறிய புத்தகமான 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது. அதைச் செய்த அண்டிரிக் அடிகளாருக்குப் புன்னைக்காயல்தான் இருப்பிடம்.

1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை கொற்கையில் தோண்டியபோது கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 என்று வந்தது. சங்குகளும் சிப்பிகளும் வாழைத் தோட்டத்துக்கு அடியில் இன்றும் கிடைக்கின்றன. ஒரு தோட்டத்துக்காரர் மண்வெட்டியால் வரப்பைச் சீவிக்கொண்டிருந்தார். சீவிய இடத்தில் வெள்ளையாக ஒரு சிப்பி ஓடு துருத்தியது. குனிந்து எடுத்து, துடைத்து, என்னிடம் கொடுத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். உள்பக்கம் இன்னும் லேசாக மினுங்கியது.

தொல்காப்பியம் நிலத்தைப் பிரித்தபோது ஒவ்வொன்றுக்கும் ஒரு வேளையையும் கொடுத்தது. மருதத்துக்கு வைகறையும் விடியலும், நெய்தலுக்கு எற்பாடு, பாலைக்கு நண்பகல். இதைப் பள்ளியில் மனப்பாடம் செய்தபோது எதற்கென்று விளங்கவில்லை. ஒவ்வொரு நிலமும் ஏதோ ஒரு வெளிச்சத்தில்தான் தன்னை முழுசாகக் காட்டும் என்று அலைந்து தெரிந்துகொண்ட பிறகு, அந்தச் சூத்திரத்தை எழுதியவர் கண்ணால் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார் என்று தோன்றுகிறது. அதைவிட முக்கியமாக ஒன்று உண்டு. கருப்பொருள் என்று அவர்கள் போட்ட பட்டியலில் மரம், பறவை, தெய்வம், பறை இவற்றோடு தொழிலும் இருக்கிறது. நெய்தலுக்கு மீன் உணக்கலும் உப்பு விளைத்தலும். வேலை செய்கிற ஆளை எடுத்துவிட்டால் அந்த இலக்கணத்தில் நிலமே நிற்காது. அந்தப் பழைய ஏட்டின் நிலக்காட்சியில் உப்பு விற்கும் உமணரின் வண்டி ஓடிக்கொண்டேயிருக்கிறது.

அன்று மாலை காயல்பட்டினம் வழியாகத் திருச்செந்தூர் போய்த் தங்கினோம். 2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையில் இந்தக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. மாவட்டத்தில் வருடம் முழுக்கப் பெய்வதே 65 செ.மீ. சுமாருக்குத்தான். சேமித்திருந்த உப்பு கரைந்து போனது, தாமிரபரணி கரை மீறி ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றது. சில வீட்டுச் சுவர்களில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் இருக்கிறது. ஒரு வீட்டில் அந்தக் கோட்டுக்கு மேலே மட்டும் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

மறுநாள் தேரிக்காடு.

காயாமொழியைத் தாண்டிக் குதிரைமொழித் தேரிக்குள் நுழையும்போது ஐந்து மணி. செம்மணல் என்று கேள்விப்பட்டு வந்தவருக்கு அந்த நேரத்தில் ஏமாற்றமாக இருக்கும். மணல் கறுப்பாகத்தான் தெரியும். மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்குச் சிவப்பு முதலில் செத்துப்போகிறது. பச்சையும் நீலமும் கொஞ்சம் உயிரோடு இருக்கும்போது சிவப்பு மட்டும் கரியாகிவிடும். உடைமரங்கள் குடை விரித்ததுபோல் தட்டைத் தலையோடு நின்றன. இடையிடையே கொல்லாமரங்கள். அப்புறம் பனை, கண்ணுக்கெட்டிய தூரம் பனை.

வெளிச்சம் வர வர மணல் ஒவ்வொரு படியாக நிறம் ஏறியது. கரி, காபிக்கொட்டை, செங்கல். சூரியனின் விளிம்பு தெரிந்த நிமிடம் மேடுகளின் கிழக்குச் சரிவு முழுக்கக் குங்குமமாகிவிட்டது. அடிப்படையில் இதுவும் சாதாரண மணல்தான். ஒவ்வொரு மணியின் மேலும் இரும்புத்துரு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. உள்ளங்கையில் எடுத்துத் தேய்த்தால் ரேகைகளில் செம்பொடி ஒட்டும். இந்தச் சிவப்பை எடுப்பதும் சுலபமில்லை. டிஜிட்டல் காமிராவில் சிவப்புத் தடம் மட்டும் நிரம்பி வழிந்து, காற்று போட்ட மெல்லிய வரிகளெல்லாம் அழிந்து, வண்ணம் அடித்த சுவர்போல் ஆகிவிடும். வெளிச்சத்தைக் குறைத்து எடுத்து, அந்த வரிகளைக் காப்பாற்ற வேண்டும். நேற்று உப்புக்குக் கூட்டினேன், இன்று மணலுக்குக் குறைத்தேன்.

ஆடிக்காற்று வந்தால் மேடுகள் இடம் மாறும். நேற்று இருந்த தடம் இன்று இருக்காது. இந்த மணலுக்கு நடுவில்தான் கற்குவேல் அய்யனார் இருக்கிறார். கள்ளர்வெட்டுத் திருவிழா முடிந்ததும் சனம் முண்டியடித்து இந்தச் சிவந்த மண்ணைக் கைப்பிடி அள்ளி முடிந்துகொண்டு போகும். வயலிலும் வீட்டிலும் போட்டால் விளங்கும் என்று நம்பிக்கை. கொஞ்ச தூரத்தில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில். பெயர் சொல்கிறபடியே அங்கே சுனை உண்டு. சிவந்து வறண்ட மணலுக்குள் தண்ணீர் சுரக்கும் இடத்தை அய்யனார் காவல் காக்கிறார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மழைநீர் எல்லாம் மணலுக்குள் இறங்கித் தங்குவதால்தான் இது நடக்கிறது. தேரியை வெட்டி எடுத்தால் சுனையும் போய்விடும்.

"மேல பாருங்க" என்றார் நண்பர்.

அண்ணாந்தேன். பனையின் உச்சியில் ஒருவர். நான் முக்காலியை நிறுத்தும்போதே அங்கே இருந்திருக்கிறார், மட்டையோடு மட்டையாக. பாளையின் நுனியைச் சீவும் சத்தம் மட்டும் 'சரக், சரக்' என்று மணலில் விழுந்தது. தட்டை மணலில் ஆளே இல்லை என்று நினைத்து எடுத்த நாலு படத்திலும் அவர் இருக்கிறார் என்பதைப் பிறகு பெரிதாக்கிப் பார்த்தபோது தெரிந்துகொண்டேன்.

இறங்கி வந்தவர் இடுப்பிலிருந்த அருவாள் பெட்டியை அவிழ்த்து வைத்தார். மார்பில் தேய்ந்த தழும்பு. காலையில் இது பன்னிரண்டாவது பனை என்றார். பனைக்கு ஒரு நாளில் இரண்டு முறை, சில சமயம் மூன்று முறை ஏற வேண்டும். பாளையை ஒரு வேளை சீவாமல் விட்டாலும் ஊறல் நின்றுவிடும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர், தடவாவிட்டால் கள். வெயில் ஏறுமுன் இறக்கி, வடிகட்டி, தாழியில் ஊற்றிக் காய்ச்சியாக வேண்டும். இல்லையென்றால் புளித்துவிடும். இவருக்கும் சூரியனோடுதான் ஓட்டப்பந்தயம். பட்டையில் ஊற்றிக் கொடுத்தார். பட்டை ஓலையின் பச்சை வாசமும் பதநீரின் இளம்புகை இனிப்பும் சேர்ந்து வந்தது. இங்கே காய்ச்சுவதுதான் உடன்குடிக் கருப்பட்டியாகப் போகிறது. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த கருப்பட்டி.

"பிள்ளையள் ஏறுதா?" என்று நண்பர் கேட்டார்.

"ஒருத்தன் திருப்பூரு, ஒருத்தன் மெட்ராசு. பனை ஏற என்னோட சரி அண்ணாச்சி" என்றார். அதைச் சொல்லும்போது அடுத்த மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தேரியிலிருந்து இறங்கிக் கடலோரம் வந்தால் குலசேகரப்பட்டினம். தசராவுக்கு லட்சக்கணக்கான பேர் வேடம் கட்டி வரும் முத்தாரம்மன் ஊர். 2,200 ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்து இஸ்ரோ தன் இரண்டாவது ஏவுதளத்தைக் கட்டுகிறது. 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டினார்கள். இங்கிருந்து தெற்கே நேராக ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைய வேண்டியதில்லை, எரிபொருள் மிச்சம். சிறிய ராக்கெட்டுகளுக்கு அந்த மிச்சம்தான் எல்லாம். கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். உள்ளே பனைகள் இன்னும் கொஞ்சம் நின்றன. பக்கத்துப் பனைகளில் கலயம் தொங்கியது, உள்ளே இருந்தவற்றில் இல்லை.

மூன்றாவது விடியல் மணப்பாட்டில்.

மணல் மேடு ஒன்று கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்க, அதன் உச்சியில் திருச்சிலுவைக் கோயில். 1581இல் எழும்பியது. மேட்டுக்கு அடியில், கடலைப் பார்த்தபடி, சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. அவர் 1542இல் இந்தக் கரைக்கு வந்தார். குகைக்குள் அலை மோதும் சத்தம் சுவரில் பட்டு இரட்டையாகக் கேட்கும். மேட்டிலிருந்து பார்த்தால் ஒருபுறம் கடல், மறுபுறம் மணல்திட்டு அணைத்து வைத்திருக்கும் கழிமுகம், அதற்கப்பால் ஊர். தமிழகக் கரையில் இவ்வளவு அழகாக வளைந்த மண் இன்னொன்று இல்லை என்று சொல்லத் தயங்கமாட்டேன். எல்லோரும் படம் எடுப்பது இந்த மேட்டில் நின்றுதான். நானும் முன்பு எடுத்திருக்கிறேன்.

இம்முறை ஏறவில்லை. கரையில் வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். இரவு போய்வந்துவிட்டார், சாளை கொஞ்சம், பாரை நாலு. நிலத்தைப் படம் எடுக்கிறேன் என்றதும், "கோயில் மேட்டுல ஏறிக் கடலப் பாத்து எடுக்காவ. கடல்ல என்ன இருக்கு? தண்ணிதான். நாங்க கடல்லருந்து கரையல்லா பாக்கோம்" என்றார். கிழவர் சொன்னது எனக்குப் பிடிபடவில்லை. "வாரியளா? பக்கத்துலதான்" என்று கூப்பிட்டார். நண்பர் கரையில் நின்றுகொண்டார். நான் காமிராப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வள்ளத்தில் ஏறினேன்.

அலையைத் தாண்டியதும் படகு அமைதியானது. கிழக்கு வெளுத்து, எங்கள் முதுகுக்குப் பின்னால் சூரியன் வரப் போகிற நேரம். கரை முழுதாக முன்னே விரிந்தது. மேடு, கோயில், அதற்குப் பின்னால் பனைக்கூட்டம், இன்னும் பின்னால் தேரியின் செம்பட்டை. நான் இத்தனை வருடம் பார்த்த கரைதான். இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை. பெரியவர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினார்.

"சிலுவை தெரியுதா? அதுக்கு எடத்தால மொட்டப் பனை ஒண்ணு. ரெண்டும் விலகி நிக்குல்லா? ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மறையணும். வடக்க இன்னொரு அடையாளம் இருக்கு, அதையும் சேக்கணும். ரெண்டு கோடும் எங்க வெட்டுதோ அங்கதான் பாரு. எங்க அப்பன் எனக்குக் காட்டுனாரு."

முத்துக் குளித்த காலத்திலும் இதே கணக்குத்தான். திசைகாட்டி இல்லாமல், கடலுக்கு அடியில் கிடக்கும் ஒரு பாறையைக் கோயிலையும் பனையையும் வைத்துக் கண்டுபிடித்தவர்கள். சில பார்களின் அடையாளத்தை அண்ணன் தம்பிக்குக்கூடச் சொல்லமாட்டார்களாம். இது எல்லோருக்கும் தெரிந்த பார்தான், காட்டினால் குற்றமில்லை என்றார். இப்போது பலர் ஜிபிஎஸ் வைத்திருக்கிறார்கள். அவரிடமும் மடியில் ஒன்று இருந்தது, பிளாஸ்டிக் உறையில் சுற்றி. அதை எடுக்கவில்லை.

காமிராவைக் கண்ணில் வைத்தேன். படகு ஆடியது. சிலுவையையும் மொட்டைப் பனையையும் சட்டகத்துக்குள் கொண்டுவந்து ஒரு படம் எடுத்து, திரையில் அவருக்குக் காட்டினேன். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். திரைக்குக் கையால் நிழல் கொடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எடம் தப்பு. பனை விலகி நிக்கி பாருங்க."

துடுப்பை எடுத்துப் படகை வடக்கே ஒரு தள்ளு தள்ளினார். பனை சிலுவையை நோக்கி மெல்ல நகர்ந்தது. இன்னொரு தள்ளு. கோயிலின் வெள்ளைச் சுவரில் முதல் வெயில் பட்டது. கரையிலிருந்து கிளம்பிய இரண்டு வள்ளங்கள் எங்களைக் கடந்து போயின. அதில் ஒருவர் இவரைப் பார்த்துக் கை உயர்த்தினார். பெரியவர் திரும்பவில்லை. ஒரு கண்ணை இடுக்கிக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பனை சிலுவைக்குப் பின்னால் போய் மறைந்தது.

"இப்ப எடுங்க" என்றார்.